ஆர்கனாய்டைச் சிப்பில் வளர்ப்பது: முதல்முறை செய்பவருக்கு

ஆர்கனாய்டையும், மெல்லிய வாய்க்கால்களில் திரவம் ஓடும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பையும் சேர்த்து வேலை செய்யப் புதிதாக வருகிறவர்கள் முதலில் செல்லைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஒட்டுமா, பிழைக்குமா, எந்த மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) ஊற்றுவது என்று. நானும் அப்படித்தான் வந்தேன். முதன்முதலில் நான் ஏற்றிய ஆறு சிப்களில் நான்கு காற்றுக்குமிழால் போயின. ஒன்று இரவோடு இரவாகக் காய்ந்தது. இன்னொன்றில் குழாய் கழன்று இன்குபேட்டர் தட்டு முழுக்க மீடியம். ஒன்றிலும் செல்லின் மேல் பழி போட முடியாது, எல்லாமே பிளம்பிங் கோளாறு. அதனால் இங்கே உயிரியலுக்குச் சமமாகக் குழாய் வேலைக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். தட்டில் செல் வளர்க்கத் தெரியும், சிப்பைத் தொட்டதில்லை என்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இரண்டையும் ஏன் சேர்க்கிறோம்

ஆர்கனாய்டு என்பது ஸ்டெம் செல்லிலிருந்து தானாகவே அடுக்கு கட்டி வளரும் குட்டித் திசு உருண்டை. 2009-இல் நெதர்லாந்தின் ஹூப்ரெக்ட் நிறுவனத்தில் தோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் சுண்டெலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லை ஜெல்லுக்குள் வைத்தார்கள். அது குடலில் இருப்பது போலவே குழிகளும் உறிஞ்சிப் பகுதிகளும் கொண்ட உருண்டையாக வளர்ந்தது. 2013-இல் வியன்னாவில் மேடலின் லான்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் மனித ஸ்டெம் செல்லிலிருந்து மூளை ஆர்கனாய்டு வளர்த்துக் காட்டினார்கள்.

அழகான உருண்டைதான், ஆனால் அதற்கு வாசல் கிடையாது. குடல் ஆர்கனாய்டில் உணவு படவேண்டிய பக்கம் உள்ளே மூடிக் கிடக்கும். மருந்தை மீடியத்தில் கலந்தால் அது இரத்தம் படும் பக்கத்தில்தான் படும். உதிர்ந்த செல்கள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும். இரத்தநாளம் இல்லாததால் ஆக்சிஜன் மேற்பரப்பிலிருந்து ஊறித்தான் போகவேண்டும். ஏறக்குறைய 200 மைக்ரான் ஆழத்துக்குப் பிறகு அது போதாது, பெரிய மூளை ஆர்கனாய்டுகளின் நடுப்பகுதி செத்துப்போவது இதனால்தான்.

சிப்பின் கதை வேறு. 2010-இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டான் ஹூவும் டொனால்டு இங்பரும் ‘நுரையீரல் சிப்’ செய்தார்கள். நடுவில் துளையிட்ட மெல்லிய சவ்வு, ஒரு பக்கம் நுரையீரல் செல், மறுபக்கம் இரத்தநாளச் செல், இரண்டு ஓரத்திலும் வெற்றிட அறைகள். வெற்றிடம் இழுக்கும்போதெல்லாம் சவ்வு மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். ஓட்டமும் அசைவும் இரண்டு பக்க வாசலும் சிப்பில் உண்டு. ஆனால் தொடக்ககாலச் சிப்கள் பலவற்றில் போட்டது ஆய்வகத்தில் பல வருடம் பழகிப்போன செல் வகைகள். உண்மையான திசுவின் பல குணங்களை அவை இழந்துவிட்டன.

சரி, ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. 2019-இல் ஹார்வர்டின் ஜெனிஃபர் லூயிஸ் குழு சிறுநீரக ஆர்கனாய்டுகளை ஓட்டமுள்ள சிப்பில் வளர்த்தபோது, அசையாத தட்டில் இருந்தவற்றைவிட இரத்தநாள வலை அதிகமாக உண்டானது, திசுவும் கூடுதலாக முதிர்ந்தது. 2020-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் மத்தியாஸ் லுட்டோல்ஃப் குழு ஜெல்லுக்குள் லேசரால் குடல்வடிவ வாய்க்கால் வெட்டி அதில் குடல் ஸ்டெம் செல்களை விட்டது. செல்கள் உருண்டையாகாமல் குழாயாகவே அமைந்தன. இரண்டு முனையும் திறந்திருப்பதால் செத்த செல்களைக் கழுவி வெளியேற்ற முடிந்தது, பல வாரம் கலைக்காமல் வைத்திருக்கவும் முடிந்தது.

முதல் கேள்வி: உங்களுக்குச் சிப் தேவைதானா?

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டை ஒரு மருந்து கொல்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், 384 குழித் தட்டு போதும். ஒரே நாளில் நூறு அளவுகளைச் சோதிக்கலாம். சிப்பில் அதே வேலைக்கு மாதக்கணக்காகும்.

திசுவின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கைக்கு வரவேண்டும், ஓட்டத்தின் உரசலே ஆய்வுப் பொருள், மருந்தின் அளவை நேரத்தோடு ஏற்றி இறக்கவேண்டும், வெள்ளையணு இரத்தநாளச் சுவரைத் தாண்டிப் போவதைப் பார்க்கவேண்டும், ஓர் உறுப்பின் கழிவு இன்னோர் உறுப்புக்குப் போகவேண்டும். இவற்றில் ஒன்றாவது இருந்தால் சிப். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். சவ்வா ஜெல்லா, பம்பா ஆட்டுமேடையா என்று பின்னால் வரும் அத்தனை முடிவுக்கும் அதுதான் பதில் சொல்லும்.

முழு உருண்டையா, உடைத்த செல்லா?

ஆர்கனாய்டைச் சிப்பில் வைக்க இரண்டு வழி இருக்கிறது. முழு உருண்டையை ஜெல்லோடு ஓர் அறையில் உட்கார வைத்து, பக்கத்தில் மீடியத்தை ஓடவிடுவது ஒன்று. சிறுநீரகம், மூளை போன்றவற்றுக்கு இதுதான் பொருத்தம், உடைத்தால் அவற்றின் அமைப்பே போய்விடும். உருண்டையைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சவ்வின் மேல் விரித்து ஒரே படலமாக வளரவிடுவது இரண்டாவது. குடலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் இது நன்றாக வரும். 2018-இல் மனிதச் சிறுகுடல் திசுவிலிருந்து எடுத்த ஆர்கனாய்டுகளை இப்படி உடைத்துச் சவ்வில் விரித்தபோது, ஓட்டத்தில் அந்தப் படலம் விரல் விரலாக எழும்பி உறிஞ்சிகள் போல ஆனது.

முதல்முறை செய்கிறவர் இரண்டாவது வழியைப் பிடிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். படலம் தட்டையாக இருப்பதால் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும், எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஜெல்லுக்குள் புதைந்த உருண்டையில் அது முடியாது.

முழு உருண்டை என்றால் முதலில் அளவெடுங்கள். 400 மைக்ரான் உருண்டை 250 மைக்ரான் உயர வாய்க்காலில் போகாது என்று சொல்லவே வேண்டாம்தான். ஆனால் துளையின் வாயையும் பிப்பெட் முனையையும் அளக்க எல்லாரும் மறக்கிறோம். உருண்டை வளரவும் செய்யும். அறையின் உயரம் இன்றைய விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். பிப்பெட் முனையைக் கத்தரித்து அகலப்படுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உறிஞ்சும்போதே உருண்டை பிய்ந்துவிடும்.

சிப்பை வாங்குவதா, வார்ப்பதா

முதல் சிப்பை வாங்குங்கள். வார்க்கத் தெரிந்தாலும் வாங்குங்கள். சோதனை தோற்றால் தவறு செல்லிலா சிப்பிலா என்ற குழப்பத்தில் பாதியாவது குறையும். இரண்டு வாய்க்கால் நடுவே சவ்வு வைத்தவை, ஜெல் பாதையும் மீடியப் பாதையும் பக்கம் பக்கமாக ஓடுபவை, 384 குழித் தட்டின் அடியிலேயே பல சிப்களைச் செதுக்கி வைத்தவை என்று ஆயத்தமாகவே கிடைக்கின்றன.

வார்ப்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர். இரண்டு திரவமாக வரும். மூலத்தையும் இறுகவைக்கும் திரவத்தையும் 10-க்கு 1 என்ற எடை விகிதத்தில் கலக்கி, வெற்றிடக் கூண்டில் குமிழ்கள் அடங்கும்வரை வைத்து, அச்சில் ஊற்றி, 65 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். பிறகு உரித்து, துளையிட்டு, தூசியை ஒட்டுநாடாவால் ஒற்றியெடுத்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற வாயு) ஒரு நிமிடத்துக்குள் காட்டிக் கண்ணாடியோடு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மாவிலிருந்து எடுத்ததும் ஒட்டிவிட வேண்டும், பேசிக்கொண்டு நின்றால் பிடிப்பு குறையும். அச்சை 3டி பிரிண்டரில் செய்திருந்தால் நன்றாகக் கழுவி, புற ஊதாவில் முழுமையாக இறுக்கிவிட்டுத்தான் ஊற்றவேண்டும். மிச்சமிருக்கும் பிசின் பிடிஎம்எஸ்ஸை இறுகவிடாது, பரப்பு பிசுபிசுவென்றே இருக்கும். செல்லுக்கும் அது விஷம்.

பிடிஎம்எஸ்ஸில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. அது காற்றை உள்ளே விடும், எனவே செல்லுக்குச் சுவர் வழியாகவே ஆக்சிஜன் கிடைக்கும். ஆனால் எண்ணெய்ப் பசை கொண்ட சிறு மூலக்கூறுகளை ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சிவிடும். நீங்கள் 10 மைக்ரோமோலார் மருந்து அனுப்பினால் செல்லுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று அளக்காமல் சொல்லமுடியாது. மருந்துச் சோதனை என்றால் பாலிஸ்டைரீன் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் சிப்பை யோசிக்கலாம். அதில் சுவர் மூச்சு விடாது. ஆக்சிஜன் முழுக்க மீடியத்தோடுதான் வரவேண்டும், ஓட்டத்தை அதற்கேற்பக் கூட்டவேண்டியிருக்கும்.

ஓட்டக் கணக்கு

கணக்கு என்றதும் ஒதுங்காதீர்கள், ஒரே ஒரு சூத்திரம்தான். தட்டையான வாய்க்காலில் அடிச்சுவரில் உட்கார்ந்திருக்கும் செல்லை ஓட்டம் எவ்வளவு உரசுகிறது என்பது: 6 × பிசுபிசுப்பு × ஓட்டம் ÷ (அகலம் × உயரம் × உயரம்).

அகலம் 1 மில்லிமீட்டர், உயரம் 0.2 மில்லிமீட்டர், ஓட்டம் நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 37 டிகிரியில் மீடியத்தின் பிசுபிசுப்பு ஏறக்குறைய 0.7 மில்லிபாஸ்கல் விநாடி. போட்டுப் பார்த்தால் 0.0018 பாஸ்கல் வரும். இந்தத் துறையில் இன்னும் புழங்கும் பழைய அலகில் சதுர சென்டிமீட்டருக்கு 0.018 டைன். குடல் சிப்களில் வழக்கமாக வைப்பது 0.02 டைன் அளவுதான், எனவே இது சரியான இடம். இரத்தநாளச் செல்லுக்கு இது ஒன்றுமே இல்லை. தமனிச் சுவரில் 10 டைனுக்கு மேல் இருக்கும்.

சூத்திரத்தில் உயரம் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். உயரம் பாதியானால் உரசல் நான்கு மடங்கு. சிப் வார்க்கும்போது உயரம் சற்று மாறினாலும் ஒரு சிப்புக்கும் அடுத்த சிப்புக்கும் செல் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

இன்னொரு கணக்கும் போட்டு வையுங்கள். பம்பிலிருந்து சிப்புக்குப் போகும் குழாயின் உள்விட்டம் 0.5 மில்லிமீட்டர், நீளம் அரை மீட்டர் என்றால் அதற்குள்ளேயே 98 மைக்ரோலிட்டர் நிற்கும். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் ஓட்டத்தில், காலை 10 மணிக்குப் பம்பில் மாற்றிய மருந்து சிப்புக்கு வருவது ஏறக்குறைய 11:40-க்கு. அதுவும் ஒரேயடியாக வராது. குழாயின் நடுவில் போவது முந்தும், ஓரத்தில் போவது பிந்தும், மருந்து மெல்ல மெல்ல ஏறும். ‘மருந்து போட்ட ஒரு மணி நேரத்தில் செல்லில் மாற்றமே இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதி, பிறகு அதை அடித்த அனுபவம் எனக்கு உண்டு. குழாயைக் குட்டையாக வெட்டுங்கள்.

பம்பைப் பொறுத்தவரை சிரிஞ்சு பம்ப் சீரானது, ஆனால் மிகக் குறைந்த ஓட்டத்தில் பெரிய சிரிஞ்சு போட்டால் தள்ளித் தள்ளி நிற்கும், சிறிய விட்டமுள்ள சிரிஞ்சாகப் போடுங்கள். உருளைப் பம்பில் மீடியத்தைச் சுற்றவிடலாம், ஆனால் துடிப்பு இருக்கும். பம்பே வேண்டாம் என்றால் ஆட்டுமேடை இருக்கிறது. சிப்பைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மீடியம் தானே ஓடும். ஓட்டம் இப்படியும் அப்படியும் மாறி மாறி வரும், அது உங்கள் கேள்விக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். ஒத்துவந்தால் குழாய், இணைப்பு, குமிழ் என்ற தலைவலியில் பெரும்பகுதி போயிற்று.

செல் இல்லாமல் மூன்று நாள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். செல் இல்லாத சிப்பில் மீடியம் மட்டும் நிரப்பி, உண்மையான சோதனையில் இருக்கப்போகும் அதே குழாய், அதே பம்ப், அதே இன்குபேட்டரில் 37 டிகிரியில் மூன்று நாள் ஓடவிடுங்கள். வெளியே வரும் திரவத்தை மூடியிட்ட, எடை போட்ட குப்பியில் சேகரியுங்கள். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் என்றால் 24 மணி நேரத்தில் 1.44 மில்லிலிட்டர், ஏறக்குறைய 1.44 கிராம் வரவேண்டும். 1.1 கிராம்தான் வந்தது என்றால் எங்கோ கசிகிறது அல்லது ஆவியாகிறது. ஒவ்வோர் இணைப்புக்கு அடியிலும் ஒரு துண்டு வெள்ளை டிஷ்யூ வைத்தால் கசியும் இடம் ஈரமாகிக் காட்டிக்கொடுக்கும்.

ஆவியாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டில் 2 மில்லிலிட்டர் மீடியத்தில் 20 மைக்ரோலிட்டர் போனால் ஒன்றுமில்லை. சிப்பின் அறையில் மொத்தமே சில மைக்ரோலிட்டர்தான், அதில் கொஞ்சம் போனாலே உப்புச் செறிவு ஏறிவிடும். சிப்பை ஒரு மூடிபோட்ட பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் தண்ணீரில் நனைத்த டிஷ்யூ போடுங்கள். மூடி இறுகாமல் இருக்கட்டும், கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகவேண்டுமே.

மீடியத்தின் நிறத்தையும் பாருங்கள். ஃபீனால் ரெட் கலந்த மீடியம் வெளிவாய்க் குப்பியில் ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் கார்பன் டை ஆக்சைடை இழந்து காரமாகிவிட்டது என்று அர்த்தம். பம்பும் சிரிஞ்சும் இன்குபேட்டருக்கு வெளியே இருக்கும் அமைப்புகளில் இது அடிக்கடி நடக்கும்.

காற்றுக்குமிழ்

இதற்குத் தனித் தலைப்பு தகும். குமிழ் ஒரு வாய்க்காலில் நகரும்போது அதன் விளிம்பு செல் படலத்தை வழித்துக்கொண்டு போகும். ஜன்னல் கண்ணாடியை ரப்பர் பட்டையால் துடைப்பது போல. நகராமல் நின்றாலோ அதன் அடியில் இருக்கும் செல் காய்ந்து சாகும்.

குமிழ் வருவதற்கு முதல் காரணம் குளிர்ந்த மீடியம். குளிர்ந்த திரவத்தில் காற்று அதிகம் கரைந்திருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சிரிஞ்சில் நிரப்பினால், இன்குபேட்டரில் சூடானதும் அந்தக் காற்று எங்கே வெளிவரும்? சிப்புக்குள்தான். எனவே மீடியத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, வடிகட்டியில் வெற்றிடம் கொடுத்துக் காற்றை இழுத்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். சிப்பையும் குழாயையும் முந்தின இரவே இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, முதல்முறை நனைப்பது. காய்ந்த பிடிஎம்எஸ் தண்ணீரை விலக்கும், மூலைகளில் காற்று ஒட்டிக்கொள்ளும். முதலில் 70 சதவீத எத்தனால் விட்டால் அது மூலைமுடுக்கெல்லாம் ஏறிவிடும். அப்புறம் கிருமிநீக்கிய தண்ணீர், அப்புறம் உப்புக்கரைசல், நடுவில் எங்கேயும் காற்று புகவிடாமல். புரதப் பூச்சு போடுவதற்கு முன்னால்தான் இதைச் செய்யவேண்டும், பூசிய பிறகு எத்தனால் காட்டக்கூடாது.

மூன்றாவது, குழாய் மாட்டும் கணம். இதை ஒருவர் செய்து காட்டிப் பார்த்தால்தான் கைவரும், ஆனாலும் சொல்கிறேன். சிப்பின் துளைக்கு மேல் மீடியத்தை ஒரு சொட்டு மேடாக நிற்கும்படி வையுங்கள். குழாயின் நுனியிலும் ஒரு சொட்டு தொங்கும்வரை பம்பை மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு சொட்டையும் சொட்டையும் தொடவிட்டு, ஒன்றான பிறகு குழாயை இறக்குங்கள். காற்றுக்கு இடமே இருக்காது. கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும். சிரிஞ்சு மாற்றும் நாட்களில்தான் என் சிப்கள் அதிகம் செத்தன.

இத்தனைக்கும் மேல் சிப்புக்கு முன்னால் ஒரு குமிழ்ப்பொறி மாட்டிவிடுங்கள், சின்ன அறைதான், காற்று மேலே தங்கிவிடும். அதையும் மீறிக் குமிழ் உள்ளே வந்துவிட்டால் பதறி ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். பம்பை நிறுத்தி, குமிழ் எந்த வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த வழியாக மிக மெதுவாகப் பின்னிழுங்கள். செல் இருக்கும் பகுதியைத் தாண்டிவிட்டதென்றால், அந்தச் சிப்பை ‘குமிழ் பட்டது’ என்று குறித்துவிடுங்கள். தரவில் சேர்க்காதீர்கள்.

ஆர்கனாய்டைத் தயார் செய்தல்

உறைநிலையிலிருந்து எடுத்த ஆர்கனாய்டை உடனே சிப்பில் போடவேண்டாம். இரண்டு மூன்று முறை பிரித்து வளர்த்து, வழக்கமான வேகத்துக்கு வந்த பிறகு எடுங்கள். செல்லில் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை முடிந்திருக்கட்டும். சிப் எண்ணிக்கைக்குத் தேவையான செல்லைப் போல இரண்டு மடங்கு வளர்த்து வையுங்கள், உடைக்கும்போது பாதி போய்விடும்.

மேட்ரிஜெல் என்ற அடித்தள ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்டெலிக் கட்டி ஒன்றிலிருந்து எடுக்கும் புரதக் கலவை இது, குளிரில் திரவம், சூட்டில் ஜெல். குப்பிக்குக் குப்பி, தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஒரு முழுச் சோதனைக்கும் ஒரே தொகுப்பு எண்ணில் வாங்கி வைத்துவிடுங்கள். முந்தின இரவு பனிக்கட்டியோடு ஃபிரிட்ஜில் வைத்து உருகவிடவேண்டும், பிப்பெட் முனைகளும் குளிர்ந்திருக்கவேண்டும். சாதாரண அறைவெப்ப முனையில் எடுத்தால் முனைக்குள்ளேயே இறுகத் தொடங்கும்.

சவ்வில் விரிப்பதென்றால்: ஜெல்லைக் குளிர்ந்த மீடியத்தால் கரைத்து உருண்டைகளைப் பிரித்து, மென்மையான நொதியால் சில நிமிடம் உடைத்து, ஒற்றைச் செல்லாகப் போகும் முன் நிறுத்துங்கள். இரண்டு முதல் பத்துச் செல் கொண்ட சிறு கொத்துகள் ஒற்றைச் செல்லைவிட நன்றாகப் பிழைக்கும். வடிகட்டியில் பெரிய துண்டுகளைப் பிரித்துவிடுங்கள். சவ்வில் ஏற்கெனவே கொலாஜனும் மேட்ரிஜெல்லும் பூசியிருக்கவேண்டும். மில்லிலிட்டருக்குச் சில மில்லியன் செல் என்ற அடர்த்தியில், பிரித்த செல் சாவதைக் குறைக்கும் ஒய்-27632 என்ற தடுப்பானை 10 மைக்ரோமோலார் கலந்து, ஒரே மூச்சில் உள்ளே விடுங்கள். உடனே மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். சவ்வு முழுக்க மூடியிருக்கவேண்டும். இடைவெளி தெரிந்தால் அங்கேயே இன்னொரு முறை விடுங்கள், நாளைக்குத் தானாக நிரம்பிவிடும் என்று விட்டால் பெரும்பாலும் நிரம்பாது.

முழு உருண்டையை ஜெல்லோடு ஏற்றுவதென்றால் குளிர்ந்த சிப்பில், குளிர்ந்த முனையால், பிப்பெட்டின் முதல் நிறுத்தம்வரை மட்டும் அழுத்துங்கள். இரண்டாவது நிறுத்தத்துக்குப் போனால் முனையில் இருக்கும் காற்று ஜெல்லுக்குள் போய்விடும். கட்டைவிரலை எடுக்காமலே முனையை வெளியே இழுக்கவேண்டும், உள்ளே இருக்கும்போது விரலை விட்டால் ஏற்றிய ஜெல்லையே திரும்ப உறிஞ்சிவிடும். ஏற்றியதும் 37 டிகிரியில் வைத்து, ஒரு நிமிடத்தில் சிப்பைத் தலைகீழாகத் திருப்புங்கள். இல்லாவிட்டால் ஜெல் இறுகும் முன் உருண்டைகள் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். 20 நிமிடத்தில் இறுகிவிடும்.

ஓட்டத்தைத் திறப்பது

செல் விட்ட அன்றே பம்பைப் போடாதீர்கள். சில மணி நேரம் அசையாமல் ஒட்டவிட்டு, ஒட்டாததைக் கழுவி, இரவு முழுக்க அப்படியே வைத்து, மறுநாள் குறைந்த ஓட்டத்தில் தொடங்குங்கள். குடல் சிப்பென்றால் மணிக்கு 30 மைக்ரோலிட்டரில் தொடங்கி, படலம் மூடிய பிறகு 60-க்கு ஏற்றலாம்.

முதல் சில நாள் பெருகவைக்கும் மீடியம். படலம் முழுமையான பிறகு முதிரவைக்கும் மீடியத்துக்கு மாற்றவேண்டும். குடலைப் பொறுத்தவரை டபிள்யூஎன்டி போன்ற பெருக்கக் காரணிகளைக் குறைத்தால்தான் ஸ்டெம் செல் நிலையிலிருந்து உறிஞ்சும் செல், சளி சுரக்கும் செல் என்று பிரியும். மாற்றாமல் விட்டால் அழகாக வளர்ந்துகொண்டே இருக்கும், குடலின் வேலையைச் செய்யாது.

தினமும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு சிப்பிலும் அதே மூன்று இடங்களில் படமெடுங்கள். வெளிவாய்த் திரவத்தை எடைபோட்டு, பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். பிற்பாடு எதை அளக்கத் தோன்றும் என்று இன்று தெரியாது. கல்லீரல் என்றால் அல்புமின், எந்தச் செல்லானாலும் செத்தால் வெளிவரும் எல்டிஎச் நொதி, எல்லாமே அந்தக் குப்பிகளில் நாள்வாரியாக இருக்கும்.

எதோடு ஒப்பிடுவது

குறைந்தது மூன்று ஒப்பீடு வேண்டும். அதே ஆர்கனாய்டு, அதே நாளில், ஓட்டமில்லாத தட்டில். செல் இருக்கும் சிப், மருந்து இல்லாமல். செல் இல்லாத வெறும் சிப், மருந்தோடு. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சிப்பும் குழாயும் எவ்வளவு மருந்தை விழுங்குகின்றன என்று அது ஒன்றுதான் சொல்லும்.

படலம் நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்க்க, ஒளிரும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறை ஒரு பக்க வாய்க்காலில் ஓடவிட்டு, மறுபக்கத்தில் எவ்வளவு வந்தது என்று அளக்கலாம். வெறும் சிப்பிலும் ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் செல் சிப்பின் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

எண்ணிக்கை விஷயத்தில் ஒரு கண்டிப்பு. ஒரே நபரின் திசுவிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டை 12 சிப்பில் போட்டால் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நபர்தான், பன்னிரண்டு அல்ல. சிப்புக்குச் சிப் வரும் வேறுபாடு உங்கள் கைவேலையின் வேறுபாடு. மனிதருக்கு மனிதர் வரும் வேறுபாட்டைச் சொல்லவேண்டுமென்றால் பல கொடையாளர்கள் வேண்டும். திசு கொடுத்தவர் எதற்கெல்லாம் ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்ற தாளையும் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

முடிவை எழுதும்போது ‘மனிதக் குடல்’, ‘மனிதச் சிறுநீரகம்’ என்று வாய் கூசாமல் எழுதிவிடுகிறோம். முதிர்ந்த திசுவின் ஸ்டெம் செல்லிலிருந்து வரும் குடல் ஆர்கனாய்டில் மேல்படலம் மட்டுமே இருக்கும். நரம்பு இல்லை, தசை இல்லை, நாமாகச் சேர்த்தால் தவிர இரத்தநாளமும் வெள்ளையணுவும் இல்லை. எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்ப்பவை பெரும்பாலும் கருவில் இருக்கும் குழந்தையின் திசுவை ஒத்தவை. அறுபது வயதுக்காரரின் நோயை அதில் தேடுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

சிப்பை முடிப்பது

கடைசி நாளில் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடை ஓட்டத்தோடு அனுப்பாமல், பம்பை நிறுத்திப் பிப்பெட்டால் மெதுவாக விட்டுத் திசுவை இருந்த நிலையிலேயே நிலைநிறுத்துங்கள். சாயமேற்றும்போது தட்டுக்கான நேரத்தை நம்பாதீர்கள். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, ஜெல்லுக்குள்ளும் சவ்வைத் தாண்டியும் ஊற நேரமெடுக்கும். நான் முழு உருண்டைக்கு 4 டிகிரியில் இரண்டு இரவு விடுகிறேன், கழுவுவதற்கும் ஒரு முழு நாள். பிடிஎம்எஸ் வழியாகப் பார்த்தால் படம் மங்கும், கண்ணாடிப் பக்கத்திலிருந்து பாருங்கள். அல்லது பிளேடால் சிப்பை அறுத்துச் சவ்வை மட்டும் எடுத்துவிடுங்கள். அறுக்கும் முன் உள்வாய் எந்தப் பக்கம், மேல்பக்கம் எது என்று சவ்வின் ஓரத்தில் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். எடுத்த பிறகு இரண்டு முனையும் ஒன்றுபோலவே இருக்கும்.